பூப்படைவது முதல் மாதவிடாய் நிற்கும் வரை: சேலத்துச் சமையலறைக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

"கர்ப்பப்பைக்கு எது நல்லது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை. கர்ப்பப்பைக்கென்று தனியாக ஒரு காயோ கஷாயமோ கிடையாது. மூளை, சினைப்பை, தைராய்டு, இரத்தம், எலும்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணின் மாதச் சுழற்சியை நடத்துகின்றன. உடம்புக்கு வரும் சாப்பாடு குறைந்தால் மூளை முதலில் கைவைப்பது இந்தச் சுழற்சியில்தான். உயிர் பிழைக்க இதயம் ஓட வேண்டும்; கருமுட்டை இந்த மாதம் வராவிட்டாலும் பரவாயில்லை என்று அது முடிவு செய்துவிடும். அதனால் போதுமான அளவு சாப்பாடு, சரியான நேரத்தில், எல்லா வயதிலும் கிடைப்பதுதான் முதல் மருந்து.

சேலத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. அம்மாப்பேட்டை, சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் விடியற்காலையில் போனால் முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, தட்டைப்பயறு, கொய்யா எல்லாம் குவிந்து கிடக்கின்றன. மலையில் ராகியும் சாமையும் விளைகின்றன. இவ்வளவும் வீட்டுக்கு வருகிறது. ஆனால் வீட்டுப் பெண்ணின் தட்டுக்கு வந்து சேருவதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கடைசி நாலடி தூரத்தைப் பற்றியதுதான்.

படி 1: தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. வெள்ளிக் கொலுசு வேலை வீட்டிலேயே நடக்கிறது. காலையிலேயே சாதம், பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், பையனுக்கு முட்டை எல்லாம் ஆயிற்று. டிபன் பாக்ஸ் கட்டியாயிற்று. வேலைக்குப் போகிறவருக்குப் போட்டாயிற்று, மாமியாருக்கும் ஆயிற்று. அந்த அக்கா சாப்பிட உட்காரும்போது மணி இரண்டரை. தட்டில் அடிச்சோறு, ரசம், ஊறுகாய். கீரைச் சட்டியில் ஒட்டியிருந்ததில் சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுத்தது ஒரு வாய். கை கழுவியதும் ஒரு டம்ளர் டீ. வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் அவரும் சொல்வார். சமைத்தது அத்தனையும் சத்தானதுதான், அவருக்குக் கிடைத்தது வெறும் மாவுச்சத்து. இருந்த கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் டீ தடுத்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்!

ஆகவே முதல் வேலை, ஒரு வாரத்துக்கு நீங்கள் சாப்பிட்டதை ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். வீட்டில் சமைத்ததை எழுதாதீர்கள், உங்கள் தட்டில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். வாரக் கடைசியில் பாருங்கள்: பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வந்ததா? கீரை எத்தனை நாள்? பாலோ தயிரோ ராகியோ இருந்ததா? பழம் ஒன்றாவது உண்டா? டீ, காபி எந்த நேரத்தில்?

கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. குறைவாக இருந்தால் சாப்பாட்டை மட்டும் வைத்து ஏற்றிவிடலாம் என்று உட்காராதீர்கள். மாத்திரை தேவைப்படும். சாப்பாடு அதைத் திரும்ப இறங்காமல் பிடித்து வைக்கும்.

அப்புறம் ஒரு பழக்கம். சமையல் முடிந்ததும், யாருக்கும் பரிமாறும் முன், உங்கள் பங்குப் பருப்பையும் கீரையையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். கடைசியில்தான் சாப்பிடுவேன் என்றாலும் சரி, பங்கு முதலிலேயே ஒதுங்கியிருக்கட்டும். எந்த டானிக்கைவிடவும் இதற்குப் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: இரும்புச்சத்து உடம்பில் சேர வழி செய்யுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 29 வேண்டும். சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லி இரத்தம் போகிறது, அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பும் போகிறது. மாதத்துக்கு இவ்வளவுதானே, தினமும் 29 எதற்கு என்று தோன்றும். தோல், குடல் வழியாகவும் தினமும் கொஞ்சம் இரும்பு கழிகிறது. அதைவிடப் பெரிய காரணம், கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேருவதில்லை.

சேர வைக்க வழி உண்டு. புளிப்பான பழங்களில் இருக்கும் வைட்டமின் சி, கீரை இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. முருங்கைக்கீரையை இரும்பு வாணலியில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவி, அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சி வீணாகிவிடும். எலுமிச்சை பிடிக்காவிட்டால் சாப்பாட்டோடு ஒரு பெரிய நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ போதும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். பயறை ஊற வைத்து முளைகட்டுவதும், மாவைப் புளிக்க வைப்பதும் இரும்பைப் பிடித்து வைக்கும் பொருளைக் குறைக்கின்றன. நம் இட்லி மாவும் கம்பங்கூழும் இந்த விஷயத்தில் நல்லவை.

டீயும் காபியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் வேண்டாம். தறி வேலையிலும் பட்டறை வேலையிலும் இருக்கிறவர்களுக்கு டீதான் தெம்பு என்பது தெரியும். விடச் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் நகர்த்துங்கள்.

பேரீச்சம்பழம், வெல்லம், பீட்ரூட் ஆகியவற்றை இரத்தம் ஊற வைக்கும் என்று பெரிதாக நம்புகிறோம். அவற்றில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். ஆட்டு ஈரல், கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும். அதே வேளையில் சாப்பிடும் கீரையின் இரும்பும் உடம்பில் சேர அது உதவும்.

படி 3: மகள் பூப்படையும் முன்பே தொடங்குங்கள்

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். பெண் பிள்ளை பிறப்பதே பாரம் என்று நினைத்த காலம் அது. இன்று அப்படிச் சொல்வார் குறைவு. ஆனால் முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது யாருக்குப் போகிறது என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் பூப்படைவதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகள். பூப்படைந்த பின் இன்னும் சில சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். அதனால் ஒன்பது, பத்து வயதிலிருந்தே பசிக்குத் தக்கச் சாப்பாடு வேண்டும். உடம்பில் ஓரளவு கொழுப்பு சேர்ந்ததும் அதிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குத் தகவல் சொல்கிறது, மூளை சினைப்பையை எழுப்புகிறது. மிகவும் ஒல்லியான பிள்ளைக்கு இது தள்ளிப் போகும். எடை அதிகமான பிள்ளைக்கு முன்கூட்டியே வரலாம். பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுவதால்தான் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கோழியைவிட, தினமும் பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமுமாக ஏறும் எடைதான் கவலைக்குரியது.

சடங்கு வீட்டில் தரும் உளுந்தங்களி எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். கருப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய்: புரதமும் சக்தியும் சேர்ந்த சாப்பாடு. குறை என்னவென்றால் சீர் முடிந்ததும் களியும் முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அடுத்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மாதாமாதம் இரத்தம் போகப் போகிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது அதே களியைச் செய்யுங்கள். பச்சை முட்டையை மட்டும் குடிக்க வைக்காதீர்கள். அதில் கிருமி இருக்கலாம், வேக வைத்தால்தான் புரதமும் நன்றாகச் செரிக்கும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை வீட்டில் யாரும் தடுக்க வேண்டாம். குடற்புழு மாத்திரையும் அப்படியே. கொக்கிப்புழு இருக்கும் வயிற்றில் எவ்வளவு கீரை போட்டாலும் இரத்தம் தங்காது.

படி 4: மாதவிடாய் தள்ளிப் போனால் மாவுச்சத்தைப் பாருங்கள்

சேலம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகளின் ஊர். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளையும் காடுகளும், ஜவ்வரிசி காயும் களங்களும் ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் போகும் வழியெல்லாம் தெரியும். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில். அதனால் மனம் நோகாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது: ஜவ்வரிசி என்பது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை, இரும்பும் சொல்லும்படி இல்லை. மாதவிடாய் நாட்களில் அசதியாக இருக்கிறாள் என்று ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், இரத்தத்துக்கு ஒன்றும் சேராது. ஜவ்வரிசி உப்புமா செய்தால் கைநிறைய நிலக்கடலையும் வேகவைத்த பச்சைப்பயறும் போடுங்கள். கிழங்கை நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுங்கள், பக்கத்தில் மீன் குழம்போ முட்டையோ இருக்கட்டும்.

பிசிஓடி என்று சொல்லப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் மாவுச்சத்துக்கும் தொடர்பு உண்டு. ஸ்கேனில் தெரிபவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை, முழுதாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். இந்தப் பிரச்சினை உள்ள பெரும்பாலான பெண்களுக்கு, மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைக் கையாளும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிக இன்சுலின் சுரக்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப் போகும் மாதவிடாய் எல்லாம் இதன் தொடர்ச்சி.

எடை கூடுதலாக இருப்பவர்கள் இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குக் கருமுட்டை வெளிவரத் தொடங்குகிறது. 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. அதற்குப் பட்டினி தேவையில்லை. தட்டில் சோறு கால் பங்கு, கொள்ளோ பயறோ முட்டையோ மீனோ கால் பங்கு, மீதி அரைத் தட்டு காய், கீரை. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். ராகிக்களியானாலும் சாமைச் சோறானாலும் அளவு அளவுதான். சிறுதானியம் என்ற பெயருக்காக இரட்டிப்பாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாலையில் தட்டுவடை செட் வாரம் ஒருநாள் என்றால் குற்றமில்லை, தினமும் வேண்டாம். குளிர்பானத்தை முழுக்க நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, எடை குறைக்க ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு மாதவிடாய் நின்றுபோன கல்லூரிப் பெண்களும் உண்டு. அவர்களுக்கு மருந்து கூடுதல் சாப்பாடுதான். ஒல்லியாக இருப்பவருக்கும் பிசிஓடி வரலாம், தைராய்டும் காரணமாகலாம். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பார்க்காமல் எந்த உணவுமுறையும் தொடங்காதீர்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

படி 5: கரு தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். கீரையும் பயறும் நல்லவை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரைக்கு ஈடாகாது. சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு பாதிப்புள்ள குழந்தை பிறந்தது போன்றவை இருந்தால் அளவு மாறும், டாக்டர் சொல்வார். சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது.

படி 6: கர்ப்பத்தில் இரண்டு பேருக்கான அளவு வேண்டாம், தரம் வேண்டும்

நான்காம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். சரியான எடையுள்ள பெண் பத்துமாதத்தில் 10, 12 கிலோ கூடினால் நல்லது. "நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துச் சிசேரியன் ஆகிவிடும்" என்று சாப்பாட்டைக் குறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குறைத்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போரால் பஞ்சம் வந்தபோது வயிற்றிலிருந்த குழந்தைகளை வளர்ந்த பின்னும் ஆராய்ந்தார்கள். நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது.

பெண் குழந்தை என்றால் இதில் இன்னொன்றும் உண்டு. அவளுடைய வாழ்நாள் கருமுட்டைகள் அத்தனையும் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அறுபது, எழுபது லட்சம் இருக்கும். பிறக்கும்போது பத்து, இருபது லட்சமாகக் குறையும். அதன் பிறகு குறையுமே தவிரக் கூடாது. மருமகளுக்கு நீங்கள் பரிமாறும் தட்டு பேத்தியையும் தாண்டிப் போகிறது, மாமியார்களே.

பழுத்த பப்பாளி சாப்பிட்டால் கரு கலையாது. காயாக இருக்கும்போது அதன் பாலில் கர்ப்பப்பையைச் சுருக்கும் தன்மை இருக்கிறது, அதனால் பப்பாளிக்காயை மட்டும் தவிருங்கள். மாம்பழ சீசனில் ஓரிரு துண்டு மல்கோவா சாப்பிடலாம், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்டு. குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

காபி பற்றி ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காலத்திலிருந்து சேர்வராயன் மலையின் வாழ்க்கை காபிச் செடியோடு கலந்தது. காபித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் வரக்காபியைக் குடித்துவிட்டே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். கர்ப்பத்தில் காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கிறது. ஆக ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் கவலையில்லை, டீயையும் கணக்கில் சேருங்கள். வெறும் வயிற்றில் காபிக்குப் பதில் ராகிக் கூழ் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போகலாம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

மேட்டூர் அணை மீன் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள். மத்தி, நெத்திலியும் நல்லவை. சுறா போன்ற பெரிய கடல் மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம்.

சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரை தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்று மதியம் என்றால் மற்றது இரவு. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. குமட்டினால் நிறுத்தாமல் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றுங்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வரும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு கர்ப்பிணிக்கானது. வீடு முழுக்கப் பங்கு போட்டுக் குடிப்பதற்கு அல்ல.

படி 7: பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள்

பத்தியத்தில் பாதி நல்லது, பாதி ஆபத்து. பூண்டுக் குழம்பு, கருப்பட்டி, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி ரசம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைப்பது, கீரையும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்குவது, ஒரு வேளைச் சோறு மட்டும் தருவது ஆகியவற்றைத்தான் விட வேண்டும். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்பத்தில் இருந்ததைவிட அதிகமாக, ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. கால்சியம் 1200 மில்லிகிராம். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர். இரும்பு மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும், இதைத்தான் பலர் மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே மறந்துவிடுகிறார்கள்.

படி 8: நாற்பதுக்கு மேல்

மாதவிடாய் நிற்கும் முந்தைய ஆண்டுகளில் சிலருக்கு இரத்தப்போக்கு மிக அதிகமாகும். கட்டி கட்டியாகப் போனால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், அது சாப்பாட்டால் தீரும் விஷயம் இல்லை. டாக்டர் காரணத்தைப் பார்க்கட்டும், ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேயும், கெட்ட கொழுப்பும் ஏறும். இனிமேல் தேவை 1200 மில்லிகிராம் கால்சியம்: ராகி, தயிர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன். வைட்டமின் டி கிடைக்க உடம்பில் கொஞ்சம் வெயில் படட்டும். கொள்ளு, பயறு, முட்டை என்று புரதத்தைக் குறைக்காமல் இருந்தால் தசை கரையாது. உடம்பு திடீரென்று சூடேறி வியர்க்கிறவர்கள் காபியையும் அதிகக் காரத்தையும் குறைத்துப் பார்க்கலாம், சிலருக்கு அது உதவும்.

மாதவிடாய் நின்ற பிறகு இரும்பின் தேவை இறங்கிவிடுகிறது. பழக்கத்துக்காக இரும்பு மாத்திரையைத் தொடர வேண்டாம், பரிசோதனையில் குறைவு இருந்தால் மட்டும் போடுங்கள். அந்த வயதிலும் இரத்தசோகை இருந்தால் வயிற்றுப்புண்ணோ குடலில் கசிவோ இருக்கலாம், காரணத்தைத் தேட வேண்டும்.

மாதவிடாய் நின்று ஓர் ஆண்டு ஆன பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் "சூடு" என்று சொல்லி வெந்தயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்க முடியும். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.